அம்பத்தூர்ல மலை எங்கடா இருக்கு?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொன்னா அது பாதிதான் உண்மை. மீதி நேரம் பூரா மாடிப்படிக்குக் கீழ ஒரு பழைய சைக்கிளோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். அது இப்ப கரண்ட்ல ஓடுது. ஓடுதுங்கறது பெரிய விஷயமில்ல. கிட் வாங்கி மாட்டினா யார் வீட்டு சைக்கிளும் ஓடும். நடுவுல ஒரு நாள் அது என்னை ரோட்டுல தள்ளிவிட்டுச்சு. அதுக்கப்புறம் வீட்டுல நடந்ததைத்தான் எழுதணும்னு தோணுச்சு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2015, நான் எஞ்சினியரிங் சேர்ந்த வருஷம். அப்பா போனஸ் பணத்துல 8,200 ரூபாய்க்கு ஒரு மவுண்டன் பைக் வாங்கிக் குடுத்தார். 26 இன்ச் சக்கரம், 21 கியர், அலுமினிய ஃப்ரேம், முன்னாடி சஸ்பென்ஷன், டிராக்டர் மாதிரி பட்டன் டயர். நான் கேட்டதுனாலதான் வாங்கினார். ஆனா கடை வாசல்லயே ஒரு கேள்வி கேட்டார்: "அம்பத்தூர்ல மலை எங்கடா இருக்கு?" அவர் வாழ்நாள் பூரா ஓட்டினது கருப்புக் கலர் பெரிய சைக்கிள். அதுல கேரியர் உண்டு, டைனமோ உண்டு. என் சைக்கிள்ல மட்கார்டு கூட கிடையாது.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன பட்டறையில 31 வருஷம் டர்னர். 2020 லாக்டவுன்ல ஆர்டர் நின்னுச்சு, அந்த வருஷக் கடைசியில பட்டறையையே மூடிட்டாங்க. அதே எஸ்டேட்ல, ரெண்டு தெரு தள்ளி, கண்ணாடிக் கட்டடத்துல நான் பொட்டி தட்டறேன். படிச்சது ஈஈஈ, வேலை ஜாவா. காலேஜ் முடிச்சதுக்கப்புறம் ஒயரைத் தொட்டதே இல்ல. அப்பாவும் அதுக்கப்புறம் ஸ்பேனரைத் தொடல. காலையில பேப்பர், சாயங்காலம் டீவி. பட்டறையைப் பத்திப் பேச்செடுத்தா எழுந்து தண்ணி குடிக்கப் போயிடுவார்.

சைக்கிளும் அப்படியே மாடிப்படிக்குக் கீழ கிடந்துச்சு. பழைய பேப்பர்காரர் 500 ரூபாய் தரேன்னார். அம்மா குடுத்துடலாம்னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் மனசு வரல. வீடு திருமுல்லைவாயல், ஆபீசுக்கு 8 கிலோமீட்டர் சொச்சம். சைக்கிள்ல போகலாம்னா, சி.டி.எச். ரோட்டு வெயில்ல போய் இறங்கும்போது குளத்துல முங்கி எழுந்த மாதிரி இருப்பேன். பக்கத்து சீட்டுக்காரங்களும் பாவம்தானே? அதனால மோட்டார் போடறதுன்னு முடிவு பண்ணினேன்.

ஒண்ணு சொல்லிடறேன், சைக்கிள் சக்கரத்துக்குள்ள மோட்டாரை வைக்கிறது புது ஐடியா இல்ல. ஆக்டன் போல்டன்னு ஒரு அமெரிக்கர் 1895லயே பின்சக்கர ஹப்புல மோட்டார் வச்சு பேட்டன்ட் வாங்கிட்டார். நாம 130 வருஷம் லேட். நான் வாங்கினதும் பின்சக்கர ஹப் மோட்டார்தான்: 36 வோல்ட், 250 வாட். முன்சக்கர மோட்டார் மாட்டறது சுலபம். ஆனா சஸ்பென்ஷன் ஃபோர்க்கோட காலுங்க அந்த இழுவையைத் தாங்கறதுக்காகச் செஞ்சதில்ல. 250 வாட்டுக்கு மேல போகாததுக்கும் காரணம் இருக்கு. நம்ம ஊர் சட்டப்படி மோட்டார் சக்தி 250 வாட்டுக்குக் கீழ, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழ, பேட்டரி இல்லாம எடை 60 கிலோவுக்குள்ள இருந்தாத்தான் அது மோட்டார் வாகனக் கணக்குல வராது. லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன்னு அலைய வேண்டாம்.

பேட்டரி 10 ஆம்பியர் அவர், அதாவது 360 வாட் அவர். அம்மாவுக்குப் புரியற மாதிரி சொன்னா, மிக்ஸியை அரை மணி நேரம் விடாம ஓட்டினா ஆகுற கரண்ட். எல்லாம் சேர்த்து 29,000 ரூபாய். "இதுக்கு ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கிருக்கலாமே"ன்னு கேக்காதீங்க. வீட்டுல ஏற்கெனவே கேட்டாச்சு.

மாட்டறதுக்கு ரெண்டு சனி ஞாயிறு ஆச்சு. பட்டன் டயரைக் கழட்டிட்டு வழவழ டயர் போட்டேன், பிரேக் கட்டை எல்லாம் புதுசு. பழைய ஃப்ரீவீலைக் கழட்டறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு, கடைசியில தெருமுனை சைக்கிள் கடை அண்ணன்தான் கழட்டிக் குடுத்தார். புதுச் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்ததும் அவர்தான். பேட்டரியை கன்ட்ரோலரோட முதல் தடவை சேர்த்தப்ப கனெக்டர்ல பட்டுனு ஒரு பொறி. அம்மா உள்ளேருந்து ஓடி வந்தாங்க. கன்ட்ரோலருக்குள்ள இருக்கற கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுறப்ப அப்படித்தான் வரும்னு விளக்கினேன். "நீ படிச்சது கம்ப்யூட்டர்தானே"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. ஈஈஈ-ம்மா, ஈஈஈ!

முதல் வாரம் சொர்க்கம். எதிர்காத்துல மிதிக்கும்போது பின்னாலேருந்து யாரோ முதுகுல கை வச்சுத் தள்ளுற மாதிரி ஒரு உணர்வு. ஆபீஸ்ல நாலு பேருக்கு ஓட்டக் குடுத்து சீன் போட்டேன்.

எட்டாவது நாள் சாயங்காலம், வீடு திரும்பும்போது, ஓ.டி. சிக்னல். பச்சை விழுந்துச்சு, த்ராட்டிலை முழுசா முறுக்கினேன். டக்குனு ஒரு சத்தம். பின்சக்கரம் கோணிக்கிட்டு ஃப்ரேம்ல உரசி நின்னுச்சு, நான் இடது பக்கமா விழுந்தேன். பின்னால வந்த பஸ் ஒரு ஆறடி தள்ளி பிரேக் போட்டுச்சு. டிரைவர் எட்டிப் பார்த்து, "வூட்ல சொல்லிட்டு வந்தியா?"ன்னார். முட்டி சிராய்ச்சதோட போச்சு. ஆனா அந்த ஆறடி எனக்கு இன்னும் ராத்திரியில ஞாபகம் வருது.

தப்பு என்னோடது. சாதா சக்கரத்துல அச்சு சும்மா தாங்கிக்கிட்டு மட்டும் இருக்கும். ஹப் மோட்டார்ல அச்சு நிக்கும், வெளிக்கூடு சுத்தும். சக்கரத்தை முன்னால தள்ளுற அதே பலத்தோட மோட்டார் தன் அச்சைப் பின்னால திருகும். அது சுத்தாம இருக்கத்தான் அச்சோட ரெண்டு பக்கத்தையும் தட்டையா சீவியிருக்காங்க, அந்தத் தட்டை ஃப்ரேமோட பிளவுல உக்காரணும். என் மோட்டாரோட திருகுவிசை 35 நியூட்டன் மீட்டர். தட்டையோட அகலம் 10 மில்லிமீட்டர். கணக்குப் போட்டா அந்தச் சின்ன விளிம்புல தோராயமா 350 கிலோ எடை அழுத்துற மாதிரி. அலுமினியம் எத்தனை நாள் தாங்கும்? டார்க் ஆர்ம்னு ஒரு இரும்புப் பட்டை போட்டு அச்சை ஃப்ரேமோட கட்டணும்னு கிட்டோட வந்த பேப்பர்லயே இருந்துச்சு. 250 வாட்டுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். இந்தக் கணக்கை விழுந்ததுக்கு அப்புறம்தான் போட்டேன் :-(

சைக்கிளைத் தள்ளிக்கிட்டே வீடு வந்தேன். அப்பா வாசல்ல நின்னார். முட்டியைப் பார்த்தார், அப்புறம் குனிஞ்சு பின்சக்கரத்தைப் பார்த்தார். பிளவு வாயைத் திறந்துகிட்டு இருந்துச்சு, அச்சுக்குள்ள போற ஒயர் முறுக்கி அறுந்து தொங்குச்சு.

"அச்சு சுத்திருக்கு. இதை யார் புடிச்சுக்கறது?"

"நட்டுதான்ப்பா."

"நட்டு அழுத்தும்டா. புடிக்காது."

அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் நான் ஆபீஸ்லேருந்து வந்தப்ப கட்டிலுக்கு அடியில இருந்த அவரோட டூல் பாக்ஸ் கூடத்துல திறந்து கிடந்துச்சு. வெர்னியரை வச்சு அச்சை அளந்து, காலண்டர் தாள் பின்பக்கம் வரைஞ்சு வச்சிருந்தார். அன்னிக்குப் பகல்ல பஸ் ஏறி எஸ்டேட் போயிருக்கார். 2020க்கு அப்புறம் முதல் தடவை. கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் இப்ப தனியா சின்னதா பட்டறை வச்சிருக்காராம், அவர்கிட்ட 6 மில்லி இரும்புப் பட்டைத் துண்டு ரெண்டு வாங்கி, 9.5 மில்லி துளையும் போட்டுக்கிட்டு வந்துட்டார். மீதியை அரத்தால ராவணும். துளை 10 மில்லி அகலம், 12 மில்லி நீளத்துக்கு வரணும்.

இங்க ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். "ஆன்லைன்ல 600 ரூபாய்க்குக் கிடைக்குதுப்பா"ன்னு சொல்லிட்டேன். அப்பா நிமிர்ந்து பார்க்கல. அரம் மட்டும் ஒரு நொடி நின்னு, திரும்ப ஓடுச்சு. அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கல. பக்கத்துல உக்காந்து அறுந்த ஒயரை சால்டர் பண்ணினேன். மோட்டார்லேருந்து தடிச்ச ஒயர் மூணு, ஹால் சென்சாருக்கு மெலிசா அஞ்சு. கலர் மாத்திச் சேர்த்தா சக்கரம் உதறும்.

ரெண்டு சாயங்காலம் ஆச்சு. எங்க இடிக்குதுன்னு கண்டுபிடிக்க, அம்மாவோட குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில குழைச்சு அச்சுல தடவினார். பட்டையைப் போட்டு எடுத்தா, ஒட்டுற இடத்துல சிவப்பு. அந்த இடத்தை மட்டும் ரெண்டு இழுப்பு, திரும்பத் தடவல். முதல் நாள் கை லேசா நடுங்குச்சு. ரெண்டாவது நாள் இல்ல, இல்லாட்டி நான் கவனிக்கல. கடைசியில சுத்தியல் பிடியால ரெண்டு தட்டு தட்டினா உக்காருற அளவுக்கு வந்துச்சு. ஆட்டிப் பார்த்தேன், முடியளவு கூட ஆடல. ஃப்ரேம்ல கிராக் விட்டிருக்கான்னு பூதக்கண்ணாடி வச்சு அரை மணி நேரம் தேடினார். அப்புறம் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை, மறுமுனையை ஹோஸ் கிளாம்ப் போட்டுக் கட்டியாச்சு.

அதோட அஞ்சு வாரம் ஓடிடுச்சு. போக வர 17 கிலோமீட்டர், நானும் மிதிக்கறதுனால பேட்டரியில பாதிதான் காலியாகுது. அச்சு அசையல. மழையில ஒரு தடவை டிஸ்ப்ளே மட்டும் மக்கர் பண்ணுச்சு, ஒயரைத் தொங்கலா விட்டு கனெக்டர் வாயைக் கீழ் நோக்கித் திருப்பினதும் சரியாயிடுச்சு. சிக்னல்ல இப்பல்லாம் ரெண்டு மிதி மிதிச்சுட்டுத்தான் த்ராட்டிலைத் தொடறேன்.

போன ஞாயித்துக்கிழமை அப்பா, "நான் ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டா?"ன்னார். பொத்தான் எல்லாம் காட்டிக் குடுத்தேன், தலையாட்டிக் கேட்டுக்கிட்டார். லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். டிஸ்ப்ளேவைப் பார்த்தா, ஆன் பண்ணவே இல்ல.

"மோட்டார் போடலையாப்பா?"

"எதுக்கு? சைக்கிள் நல்லாத்தானே இருக்கு."

ஸ்டாண்டு போட்டுட்டு, உள்ள போய் 18ஆம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வந்து, ரெண்டு பக்க நட்டையும் ஒரு தடவை இறுக்கிப் பார்த்தார்.