பொட்டுக்கடலை பிஸ்கட்டும் பொய் சொல்லாத லேபிளும்

செப்டம்பர் 24, 2025, புதன்

தீபாவளிக்கு நான்கு வாரம்கூட இல்லை. போன வருடம் வரை நெய் பிஸ்கட், நான்கட்டாய், தேங்காய் பிஸ்கட் என்று என்னிடம் கேட்ட கோவை வடவள்ளிக்காரர்கள் இந்த வருடம் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். புரோட்டீன். "அக்கா, புரோட்டீன் குக்கீஸ் போட்டுத் தருவீங்ளா?" என்று காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் கேள்வி.

கேட்கிறவர்கள் யார் என்று பார்த்தால்தான் வேடிக்கை. ஜிம்முக்குப் போகும் பையன். சர்க்கரை இருக்கும் எதிர்வீட்டு அம்மா. கோதுமை ஒத்துக்கொள்ளாத சிறுவனின் தாய். வேர்க்கடலை பட்டாலே உதடு வீங்கும் குழந்தையின் அத்தை. சிறுநீரகம் பழுதான அப்பாவுக்காக ஒரு மகள். இத்தனை பேருக்கும் ஒரே டப்பாவை நீட்ட முடியாது. ஒருவருக்குச் சத்து என்று கொடுப்பது இன்னொருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். கடையில் மட்டும் எல்லாம் 'ஹெல்த்தி' என்று ஒரே அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

மாவு டப்பாக்களை வரிசையாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு அட்டவணைதான் எனக்குப் பஞ்சாங்கம். 100 கிராமில் எவ்வளவு புரதம் என்றால், மைதாவில் சுமார் 10 கிராம், கேழ்வரகில் 7, தினையில் 12, பொட்டுக்கடலையில் 22. ராகி குக்கீஸ் என்றதும் புரதம் கொட்டிக் கிடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ராகியின் பெருமை சுண்ணாம்புச் சத்தில் இருக்கிறது. புரதத்தில் அது மைதாவுக்கும் கீழே. இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு.

பொட்டுக்கடலையைச் சட்னியோடு நிறுத்திவிட்டோம் என்பது என் நெடுநாள் வருத்தம். ஏற்கெனவே வறுபட்டது என்பதால் கடலை மாவின் பச்சை வாடை இதில் கிடையாது. மிக்சியில் இரண்டு சுற்று சுற்றிச் சலித்தால் போதும். புரதத்தின் அமினோ அமிலங்களில், தானியத்தில் லைசின் குறைவு, பருப்பு வகையில் மெத்தியோனின் குறைவு. இட்லியில் அரிசியும் உளுந்தும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டுவது போலவே இங்கே தினையும் பொட்டுக்கடலையும்.

இன்றைய அளவு: பொட்டுக்கடலை மாவு 150 கிராம், தினை மாவு 100, வெண்ணெய் 110, சர்க்கரை 80, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 30, முட்டை ஒன்று, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. பருப்பு மாவு ஈரத்தை மெதுவாகத்தான் உறிஞ்சும். பிசைந்த கையோடு ஓவனில் வைத்தால் வாயில் மணல் மணலாகத் தட்டும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் கிடந்தால் அந்த நறநறப்பு போய்விடுகிறது. 160 டிகிரி, இருபது நிமிடத்துக்குள். சூட்டோடு தொட்டால் உடையும், ஆறிய பிறகுதான் தட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

30 பிஸ்கட் வந்தது. மாவு, பால் பவுடர், முட்டை எல்லாவற்றின் புரதத்தையும் கூட்டினால் 63 கிராம். ஒரு பிஸ்கட்டுக்கு 2 கிராம் சொச்சம். மைதாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மட்டும் போட்ட பழைய பிஸ்கட்டில் ஒரு கிராம்கூடத் தேறாது. ஆக, இரண்டு மடங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கொலுவுக்குப் போனேன். கொண்டைக்கடலைச் சுண்டல், சின்னத் தொன்னையில். 60 கிராம் இருக்கும். அதில் 5 கிராம் புரதம். என் பிஸ்கட் இரண்டு தின்றால் 4 கிராம், கூடவே 5 கிராம் சர்க்கரை, 7 கிராம் வெண்ணெய், 140 கலோரிக்கு மேல். ஒரு வேகவைத்த முட்டையில் 6 கிராம். புரதம்தான் வேண்டும் என்றால் சுண்டலும் முட்டையும் இருக்க, பிஸ்கட்டுக்கு ஓவன் ஏற்றத் தேவையே இல்லை.

அப்புறம் எதற்கு இது? சுண்டலைக் கண்டால் முகம் திருப்பும் குழந்தைகள் இருக்கிறார்கள். பசி மந்தித்துப்போய், டீயும் பிஸ்கட்டுமே பாதிச் சாப்பாடு என்று நாளை ஓட்டும் வயதானவர்கள் அதைவிட அதிகம். எப்படியும் தின்னப்போகிற பிஸ்கட் இதுவாக இருக்கட்டும். இதற்கு மேல் நான் உரிமை கொண்டாட மாட்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

ஜிம் பையன் வே புரோட்டீன் டப்பாவோடு வாசலில் நிற்கிறான். "மாவுக்குப் பதிலா இதையே போட்ருங்க அக்கா."

போட்டால் செருப்புத் தோல்தான் வரும் என்று சொன்னேன். வே பவுடர் மாவுக்குப் பதிலாகக் கால் பங்கு வரை தாங்கும். அதற்கு மேல் போனால் பிஸ்கட் வறண்டு ரப்பராகிவிடும். பால் சர்க்கரையும் லைசினும் சேர்ந்து சீக்கிரம் கருகவும் செய்யும், அதனால் சூட்டைப் பத்துப் பதினைந்து டிகிரி குறைக்க வேண்டும். அவன் எடை 60 கிலோ. கிலோவுக்கு 0.83 கிராம் என்ற பரிந்துரைப்படி அவனுக்கு நாளுக்கு 50 கிராம் போதும். உடற்பயிற்சிக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொண்டாலும் வீட்டுச் சாப்பாட்டிலேயே எட்டிவிடலாம். 2024 வழிகாட்டுதலில் தசை வளர்க்கப் புரதப் பவுடரைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது அதே ஹைதராபாத் நிறுவனம். கேட்டுக்கொண்டான். டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

ஓவனுக்கும் மிக்சிக்கும் சந்தனம், குங்குமம். சுடுவது இல்லை. பூஜைப் பொரியிலிருந்து பொட்டுக்கடலையைப் பொறுக்கி எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டேன்.

முட்டை வேண்டாம் என்று ஒரு ஆர்டர். முட்டை சேர்ந்தால் நம் நாட்டுச் சட்டப்படி அசைவக் குறி போட வேண்டும், தீபாவளித் தட்டில் அதை வைக்கத் தயங்குவது நியாயம்தான். ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடி, மூன்று கரண்டி தண்ணீர். பத்து நிமிடத்தில் கொழகொழவென்று வந்துவிடும். பிடிப்பு கிடைக்கிறது, புரதம் கொஞ்சம் குறைகிறது.

அக்டோபர் 3, வெள்ளி

கோதுமை ஒத்துக்கொள்ளாத சிறுவனின் தாய் வந்திருந்தார். ஆர்.எஸ். புரத்தில் இரண்டு தலைமுறையாக இருக்கும் மார்வாடிக் குடும்பம், என்னைவிட நல்ல கோவைத் தமிழ் பேசுகிறார். பையனுக்கு சீலியாக். கோதுமை, பார்லி போன்றவற்றின் புரதமான குளூட்டன் உள்ளே போனால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். வெறும் வயிற்றுவலி என்று ஒதுக்க முடியாது. மருந்து கிடையாது, வாழ்நாள் முழுக்க விலக்குவதுதான் வைத்தியம். வட இந்தியாவில் நூற்றில் ஒருவருக்கு நெருக்கமாக இருக்கும் இந்த நோய், அரிசி உண்ணும் தெற்கில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. அதனாலேயே இங்கே பலருக்கு இதன் கடுமை பிடிபடுவதில்லை. "கொஞ்சம் தின்னா ஒண்ணும் ஆகாது கண்ணு" என்று சொல்லும் உறவினர்கள்தான் அந்தத் தாயின் பெரிய தலைவலி.

கோதுமைதான் காரணம் என்பதை உலகுக்குக் காட்டியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். அவருக்கு முன்பிருந்தே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டிக்கே பஞ்சம் வந்தபோது, ஊரே பட்டினியில் வாட, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். போருக்குப் பின் ரொட்டி திரும்பியது, நோயும் திரும்பியது.

நம் சமையலறையில் குளூட்டன் ஒளிந்திருக்கும் இடங்களை அந்த அம்மாவே சொன்னார். கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலந்திருக்கும், ஆகவே சாம்பாரும் ரசமும் சந்தேகம். மால்ட் பானங்களில் பார்லி. ரவை, சேமியா தெரிந்ததே. ஓட்ஸ் இயல்பில் குளூட்டன் இல்லாதது என்றாலும் கோதுமையோடு சேர்ந்தே வயலிலும் ஆலையிலும் புழங்குகிறது. நான் சேர்த்துக்கொண்டது ஒன்று: தெருமுனை மாவு மில். நமக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருப்பார், நம் தினை அதே கல்லில் விழும்.

குளூட்டன் இல்லாதது என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐயின் விதி. என் சமையலறையில் பதினொரு மாதம் மைதா பறக்கிறது. ஓவன் தட்டைக் கழுவலாம், காற்றைக் கழுவ முடியுமா? ஆர்டரை எடுக்கவில்லை. பதிலாக, செய்முறையை எழுதிக் கொடுத்தேன். தினையை வாங்கிக் கல் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து அவர்கள் வீட்டு மிக்சியிலேயே அரைக்க வேண்டும். மைதா பார்க்காத புதுச் சல்லடை, புதுத் தட்டு. குளூட்டன் இழுத்துப் பிடிக்காத மாவு உதிரும் என்பதால் ஒரு டீஸ்பூன் இசப்கோல் உமி சேர்க்க வேண்டும். கூடவே உட்கார்ந்து ஒரு முறை செய்து காட்ட அடுத்த ஞாயிறு போகிறேன். வியாபாரம் போச்சே என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

அக்டோபர் 6, திங்கள்

எதிர்வீட்டு அம்மாவின் கோரிக்கை: "சக்கரை வேண்டாம், கருப்பட்டி போட்டுக் குடு." கருப்பட்டியும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான் என்பதைக் கொங்கு நாட்டில் யார் வாயால் சொல்வது? நாட்டுச்சர்க்கரையும் அப்படியே. மணமும் கொஞ்சம் தாதுக்களும் உண்டு, ரத்தத்தில் ஏறும் சர்க்கரைக்கு அதெல்லாம் தெரியாது. 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டுக்கும் இதே கதை. சர்க்கரை இல்லாவிட்டாலும் மைதா மாவுச்சத்து குளுக்கோஸாகத்தான் மாறும்.

பிஸ்கட்டில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. அது உருகித்தான் பிஸ்கட் பரவுகிறது, நிறம் பிடிக்கிறது, மொறுமொறுக்கிறது. பாதியாகக் குறைத்தால் உருட்டி வைத்தபடியே நிற்கும், முள்கரண்டியால் அழுத்தித் தட்டையாக்கிவிட வேண்டும். எரித்ரிட்டாலில் சர்க்கரையின் முக்கால் பங்கு இனிப்புகூட இல்லை, சிவக்காது, நாக்கில் பெப்பர்மின்ட் போலக் குளிர்ச்சி. மால்டிட்டால், சார்பிட்டால் அதிகம் போனால் வயிற்றைக் கலக்கும். 80 கிராம் சர்க்கரையை 40 ஆக்கி, பொடித்த எள்ளும் கூடுதல் ஏலக்காயும் சேர்த்துக் கொடுத்தேன். மாத்திரை நேரம் பார்த்து ஒன்றே ஒன்று என்று சொல்லித்தான் டப்பாவைக் கொடுத்தேன். "ஒண்ணா?" என்று கேட்ட குரலை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

அக்டோபர் 8, புதன்

சிறுநீரகக்காரரின் மகளிடம் இல்லை என்று சொன்னேன். டயாலிசிஸுக்கு முந்திய நிலையில் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் தொடங்கிவிட்டாலோ கதை தலைகீழ், கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல் சாப்பிடச் சொல்வார்கள். அவள் அப்பா எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியவில்லை. போதாததற்கு பருப்பிலும் பால் பவுடரிலும் பொட்டாசியம், பாஸ்பரஸ். பேக்கிங் பவுடரிலும் பாஸ்பேட் உப்பு இருக்கும். நெஃப்ராலஜிஸ்ட்டையும் டயட்டீஷியனையும் கேட்டு எழுதி வாங்கிவா என்றேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டுதான் போனாள்.

அக்டோபர் 10, வெள்ளி

வேர்க்கடலை ஆகாத குழந்தைக்குச் சூரியகாந்தி விதை மாவு. இதில் ஒரு விசேஷம் உண்டு. விதையிலிருக்கும் குளோரோஜெனிக் அமிலம் சோடா உப்போடு சேர்ந்தால், ஆறியபின் பிஸ்கட் உள்ளே பச்சையாகிவிடும். கெட்டுப்போனதல்ல, தின்னலாம். சோடாவைக் குறைத்து எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் நிறம் மாறாது. அத்தையிடம் விஷயத்தைச் சொன்னதும், "பச்சையாவே போடுங்க, ஹல்க் பிஸ்கட்னு சொல்லிக் குடுத்தர்றேன்" என்றார்.

இன்னொன்றும் கேட்டேன், பால் ஒத்துக்கொள்ளுமா என்று. "பால் குடிச்சா வயிறு உப்பும்" என்றார். அது பால் சர்க்கரை செரியாமை, வெண்ணெயில் அது மிகக் கொஞ்சம்தான். பால் ஒவ்வாமை வேறு. அது புரதத்தின் மேல் வருவது, வெண்ணெய்த் துளியும் ஆகாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வீணாக விலக்குகிறவர்களும் உண்டு, ஆபத்தில் மாட்டுகிறவர்களும் உண்டு.

அக்டோபர் 13, திங்கள்

லேபிள் அடிக்கும் நாள். விதிப்படி 100 கிராமில் அன்றாடத் தேவையின் 20 சதவீதம் இருந்தால் 'புரதம் மிகுந்தது' என்று போடலாம். ஆணுக்கு 54 கிராம் என்ற கணக்கில் அது 10.8. என் பிஸ்கட்டில் 13 இருக்கிறது, தாராளமாகப் போடலாம். 10 சதவீதம் இருந்தால் 'புரதம் கொண்டது' எனலாம். பழைய மைதா பிஸ்கட்டிலேயே 100 கிராமுக்கு 6 வந்துவிடுகிறது! சட்டம் 100 கிராமைப் பார்க்கிறது, 100 கிராம் என்றால் ஆறேழு பிஸ்கட். ஒரு மூச்சில் அத்தனை தின்னச் சொல்லவா போகிறேன்?

பிரிண்டிங் பையன், "'ஹை புரோட்டீன்'னு பெருசாப் போட்டா நல்லாப் போகும் அக்கா" என்றான். போடவில்லை. நான் எழுதிக் கொடுத்தது இது: ஒரு பிஸ்கட்டில் புரதம் 2 கிராம், சர்க்கரை 2.7 கிராம், 70 கலோரிக்கு மேல். பால், முட்டை உண்டு. கோதுமை புழங்கும் சமையலறையில் செய்தது. சீலியாக் உள்ளவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் ஏற்றதல்ல.

இந்தத் தீபாவளிக்கு யாரிடம் பிஸ்கட் வாங்கினாலும், டப்பாவின் முன்பக்க எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். ஒரு பிஸ்கட்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். வீட்டில் யாருக்கு என்ன ஆகாது என்பதை, விலை கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.