நதிப் பெயர்களும் நிஜ ஆறும்

கழக்கூட்டத்துக்கு வெளியூர்க்காரர்கள் வர ஒரு காலத்தில் அதிகக் காரணம் இருந்ததில்லை. மகாதேவர் கோயில், ஒரு சின்ன ரயில் நிலையம், 1962இல் வந்த சைனிக் பள்ளி. வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் எட்டுவீட்டில் பிள்ளைமாரை நினைத்துக்கொள்வார்கள். அவர்களில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா பிள்ளைமாரை ஒழித்துக்கட்டியபோது, அவர்களது வீடுகளை இடித்து அங்கே குளம் தோண்டச் செய்தார் என்பது வழிவழியாக வரும் கதை. அன்று வீடு இருந்த இடத்தில் தண்ணீர். இன்று கதை தலைகீழ்.

மாற்றம் 1990இல் தொடங்கியது. கே.பி.பி. நம்பியார் முன்னின்று உருவாக்கிய டெக்னோபார்க், வைத்தியன் குன்றில் எழுந்தது. நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. 1995 நவம்பரில் பிரதமர் நரசிம்ம ராவ் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். வேலைக்கு வந்தவர்கள் முதலில் 15 கி.மீ. தள்ளியிருக்கும் நகரத்திலிருந்துதான் பஸ் பிடித்தார்கள். பிறகு அலுவலகத்தின் பின்னாலேயே வீடுகள் வந்தன. தென்னந்தோப்பு மறைந்து பத்து, பன்னிரண்டு மாடிகள். 2010இல் கழக்கூட்டம் பஞ்சாயத்து திருவனந்தபுரம் மாநகராட்சியில் கரைந்தது.

இந்த ஃபிளாட்டுகளின் சமூகவியல் சுவாரஸ்யமானது. சொந்தக்காரர் பெரும்பாலும் துபாயிலோ தோஹாவிலோ இருக்கிறார். குடியிருப்பவர் கொல்லத்துக்காரர், பாலக்காட்டுக்காரர், அல்லது இரண்டு மணி நேரப் பயணத்தில் ஊர் போய்விடக்கூடிய நாகர்கோவில்காரர். 1956 வரை குமரி மாவட்டமும் திருவிதாங்கூரோடு இருந்த பூமிதான் என்பதால் அவருக்கு இங்கே மொழியும் சாப்பாடும் பிரச்சினையே இல்லை. பிரச்சினை பக்கத்து வீடு. அது பூட்டியிருக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்து வீடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று காலி. வெள்ளிக்கிழமை மாலை வந்தால் ஆள் இருக்கும் வீடும் காலி. சொந்த ஊர் நோக்கி ரயிலேறிவிடுகிறார்கள். ஓணத்துக்குக் கீழே அத்தப்பூ போடுவது அசோசியேஷன் செலவில். பார்க்க வாட்ச்மேனும் சில குழந்தைகளும்.

2020இல் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னபோது, 'வீடு' என்று அவர்கள் எதைக் கருதினார்கள் என்பது தெரிந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்களை நம்பியிருந்த மெஸ்காரர்களுக்கும், மாடி அறைகளை வாடகைக்கு விட்டிருந்த உள்ளூர்க் குடும்பங்களுக்கும் அது பெரிய அடி.

டெக்னோபார்க் கட்டடங்களுக்கு நதிகளின் பெயர்கள். பம்பா, பெரியாறு, நிளா, நமக்குப் பழக்கமான பவானி. மூன்றாம் கட்ட வளாகத்தில் கங்கா, யமுனா. 'டவுன்டவுன்' என்றே பெயர் சூட்டிய திட்டத்தில் 2024இல் திறந்த கட்டடம் நயாகரா. நிஜ ஆறு ஒன்று இந்தப் பகுதி வழியே ஓடுகிறது. பெயர் தெற்றியாறு. பார்த்தால் கால்வாய் என்றுதான் தோன்றும். கரைகள் நெருக்கப்பட்டுவிட்டன, மழைநீரை உறிஞ்சி வைத்திருந்த வயல்களில் மண் கொட்டியாகிவிட்டது. வயலையும் சதுப்பு நிலத்தையும் காக்கும் சட்டத்தைக் கேரளம் கொண்டுவந்தது 2008இல். அதற்குள் நிரப்பியவை நிரப்பியவைதான்.

2023 அக்டோபர் நடுவில் ஓர் இரவு விடாமல் கொட்டிய மழையில் தெற்றியாறு கரை மீறியது. மூன்றாம் கட்ட வளாகத்தின் வாசல் முழங்கால் தண்ணீரில். துணைமின் நிலையத்திலும் வெள்ளம். தாழ்வான வீடுகளில் இருந்தவர்களைத் தீயணைப்புப் படையினர் வெளியே கொண்டுவந்தார்கள். மாடியில் இருப்பவர் தப்பித்தார் என்று சொல்ல முடியாது. மின்சாரம் போனால் லிஃப்ட் இல்லை. தரைக்கடியில் இருக்கும் தொட்டியில் சாக்கடை கலந்தால் பன்னிரண்டாவது மாடிக் குழாயிலும் அதே தண்ணீர். கார்கள் நிற்பதும் கீழ்த்தளத்தில்.

2022 இறுதியில் திறந்த 2.7 கி.மீ. மேம்பாலம் ஜங்ஷன் நெரிசலுக்கு மேலாக வண்டிகளைக் கடத்திவிடுகிறது. கொல்லத்திலிருந்து வருபவர் கழக்கூட்டத்தைத் தொடாமலே நகரம் போய்விடலாம். பாலத்துக்குக் கீழே, தட்டுக்கடையில் இரவுப் பணி முடித்தவர்கள் தோசைக்குக் காத்திருக்கிறார்கள். விற்பவர் உள்ளூர்க்காரர். மழை கொஞ்சம் வலுத்தாலே ஸ்டவ்வைத் தூக்கி மேசைமேல் வைத்துக்கொள்கிறார்.