சீமெந்து நீந்தியோ வரும்?

முதல் விண்ணப்பத்தில் நாங்கள் சீமெந்துக்கு யாழ்ப்பாண விலையைத்தான் போட்டிருந்தோம். நெடுந்தீவில் பல கிணறுகள் உவர். எங்கட முன்பள்ளிக்கு ஒரு மழைநீர்த் தாங்கி வேணும். காரணம் சரி, கணக்குத்தான் பிழை. பதிலே வரேல்ல.

பிறகு ஓய்வுபெற்ற ஒரு ரீச்சரிடம் போனோம். ஆங்கிலத்தைத் திருத்தித் தருவா எண்டு நினைச்சம். அவ கேட்டது வேற: "பிள்ளையள், குறிகட்டுவானில இருந்து சீமெந்து நீந்தியோ வரும்?"

வள்ளக் கூலி, ஏற்றி இறக்கும் கூலி, கடல் கொந்தளித்தால் வேலை பிந்தும் நாட்கள். ஒன்றையுமே நாங்கள் எழுதவில்லை. தீவிலேயே வளர்ந்ததால் அவை எங்களுக்குச் செலவாகத் தெரியவில்லை.

கொழும்பிலுள்ள யப்பான் தூதரகத்தின் அடிமட்ட உதவித் திட்டம் கட்டடத்துக்கும் உபகரணத்துக்கும் கொடுக்கும். சம்பளத்துக்கும் நாளாந்தச் செலவுக்கும் கொடுக்காது. அதனால், தாங்கியை ஆர் கழுவுறது, குழாய் உடைஞ்சா ஆர் காசு போடுறது எண்டு கூட்டத்தில் தீர்மானித்து, குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்தோம். பிரதேச செயலகப் பதிவு, வங்கிப் புத்தகம், கணக்கறிக்கை எல்லாம் இப்ப ஒரே கோப்பில்.

உதவி தேடும் சங்கங்களே, உங்கட கணக்கைத் தீவுக்கு வெளியே ஒருவரிடமும் காட்டுங்கோ. ஆங்கிலம் அதுக்குப் பிறகு.

இரண்டாம் விண்ணப்பம் போயிட்டுது. பிள்ளைகள் இன்னும் வீட்டிலிருந்து போத்தலில்தான் தண்ணி கொண்டு வருகிறார்கள்.