மணல் ராஜ்யமும் வண்டியூர்த் தெப்பமும்

பாலைவன ராஜ்யம் ஒன்றைப் பற்றிக் கதை எழுத வேண்டுமென்று யாருக்காவது ஆசை பிறந்துவிட்டால், அவர் உடனே எகிப்து தேசத்துச் சாமான்களை இரவல் வாங்கத் தொடங்கிவிடுகிறார். வானளாவும் கல்லறைக் கோபுரம், தைலமிட்டுத் துணி சுற்றிய பிணம், நரித்தலைத் தெய்வம், சாட்டையடி படும் அடிமைகள், தலை மழித்த சூழ்ச்சிக்காரக் குருக்கள், தன்னைத் தெய்வத்தின் புத்திரன் என்று சொல்லிக்கொள்ளும் அரசன் ஆகிய இவ்வளவையும் மணலின்மேல் அடுக்கிவிட்டால் ராஜ்யம் தயார். என் வகுப்புப் பிள்ளைகள் இத்தகைய கதைகளை உயிராய் விரும்பிப் படிக்கிறார்கள். அவர்களிடமிருந்து வாங்கி நானும் சிலவற்றைப் படித்தேன். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்த ராஜ்யத்து ஜனங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் கதாசிரியர்கள் சொல்வதில்லை.

எகிப்தியருக்கோ அதுதான் முதல் கேள்வி. அவர்கள் தங்கள் நாட்டைப் பாலைவனம் என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. நைல் நதி வண்டல் படிந்த இரு கரையையும் ‘கருநிலம்’ என்றார்கள். அதுவே தேசத்தின் பெயர். அதற்கு அப்பாலுள்ள மணலைச் ‘செந்நிலம்’ என்றார்கள். அரசன், ஆலயம், குருக்கள், கணக்கர் எல்லாம் அந்தக் கறுப்புக் கோட்டின்மேல் நின்றவை. அந்தக் கோடு வருஷா வருஷம் வெள்ளம் வந்தால்தான் கறுப்பு.

இதன் பொருளைக் கண்ணாரக் காண நாம் சூயஸ் கால்வாய்க்குக் கப்பலேற வேண்டியதில்லை. மதுரையில் மீனாக்ஷியம்மன் கோயிலுக்குக் கிழக்கே இரண்டு மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தில், வைகையின் தென்புறம், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் இருக்கிறது. தை மாதப் பௌர்ணமியன்று அங்கே போய் நின்றால் போதும்.

குளம் என்று சொல்வது வழக்கத்தினால்தான். கிட்டத்தட்ட 1,000 அடிக்கு 950 அடி. கரையோரமாக ஒரு சுற்று வந்தால் முக்கால் மைல். நான்கு பக்கமும் கருங்கற் சுவர், படித்துறைகள், நடுவே சோலை சூழ்ந்த மைய மண்டபம். வடகரையில் மாரியம்மன் கோயில். எகிப்தின் கர்நாக் நகரில் ஆமன் தேவனுடைய பெருங்கோயிலுக்குள்ளும் ஒரு புனிதக் குளம் உண்டு. குருக்கள் பகலில் இருமுறையும் இரவில் இருமுறையும் நீராடி, உடம்பெல்லாம் மழித்து, வெள்ளை நாராடை உடுத்தினர் என்று கிரேக்க யாத்திரிகர் ஹெரடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். நம் ஊர் ஆசாரசீலர்களும் சற்று அசந்து போகக்கூடிய ஆசாரம்! அந்தக் கர்நாக் குளத்தின் அளவு சுமார் 393 அடிக்கு 252 அடிதான். வண்டியூர்க் குளத்துக்குள் அதைப்போல் ஏழெட்டை இறக்கிவிடலாம்.

இதை 1645-ல் வெட்டுவித்தவர் திருமலை நாயக்கர். அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளமே குளமாயிற்று என்று மதுரையில் சொல்வார்கள். தோண்டும்போது அகப்பட்டவர்தான் மீனாக்ஷி கோயிலில் இன்று வீற்றிருக்கும் முக்குறுணி விநாயகர் என்பதும் செவிவழிச் செய்தி. பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டுவிடாமல் தெய்வத்துக்கு நீர்விளையாட்டு மேடையாக்கிய யோசனை அரசர்களுக்கே உரியது. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஆமன்ஹோதெப் என்ற எகிப்திய மன்னன், தன் பட்டத்தரசி தீயேயின் பொருட்டு 3,700 முழ நீளமுள்ள ஏரி ஒன்றை அமைத்துத் திருவிழாவன்று அதில் படகேறிப் போனான். வண்டு வடிவமாகச் செதுக்கிய சிறு கற்களில் அச்செய்தியைப் பொறித்து நாடெங்கும் அனுப்பினான். வேலை பதினைந்தே நாளில் முடிந்ததாம். இதை நான் சொன்னபோது எங்கள் பள்ளியில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி புன்னகை செய்ததோடு நிறுத்திக்கொண்டார்.

தெப்பத்தன்று அதிகாலையில் மீனாக்ஷியும் சுந்தரேசுவரரும் கோயிலை விட்டுப் புறப்பட்டு வண்டியூருக்கு எழுந்தருளுகிறார்கள். கோபுரம்போல் அலங்கரித்த தெப்பத்தில் அமர்ந்து காலையில் இரண்டு சுற்று. பகலில் மைய மண்டபத்தில் இளைப்பாறல். இரவில் விளக்கொளியில் இன்னும் ஒரு சுற்று. தெப்பத்தை நகர்த்துவது துடுப்பல்ல, வடம். கரையில் நிற்கும் ஜனங்கள் வடம் பிடித்து இழுக்க, தண்ணீர்மேல் தெய்வம் நகர்கிறது. தேரிழுப்பில் உள்ள ஆரவாரம் இதில் இல்லை. சக்கரம் உருளும் சத்தம் கிடையாது. இழுப்பவர் மூச்சும் நீர் சலசலப்பும்தான் கேட்கும். மதுரைக்காரர்கள் அன்றைய தினம் பேசும் குரலைக்கூடக் கொஞ்சம் தணித்துக்கொள்வதாக எனக்கு ஒரு எண்ணம்.

நைல் நதி பெருகும் பருவத்தின் இரண்டாம் மாதத்தில் எகிப்தியத் தலைநகராகிய தீப்ஸில் ‘ஓபெத்’ என்னும் உற்சவம் நடந்தது. கர்நாக்கிலிருந்து ஆமன், அவன் தேவி மூத், குமாரன் கோன்சு ஆகிய மூவரும் ஒன்றரை மைலுக்குச் சற்று அதிகமான தொலைவிலுள்ள லக்ஸர் கோயிலுக்குப் படகில் எழுந்தருளினர். அரசி ஹாத்ஷெப்சுத் காலத்தில் போகும்போது குருக்கள் அப்படகைத் தோளில் சுமந்தார்கள்; திரும்பும்போது ஆறு சுமந்தது. மூன்றாம் தூத்மோஸ் காலத்தில் 11 நாள் நடந்த விழா, மூன்றாம் ராம்சேஸ் காலத்தில் 27 நாள் வரை வளர்ந்துவிட்டது. வாத்தியம், கழைக்கூத்து, ரொட்டி, மது, பலி எருதுகள் எல்லாவற்றையும் லக்ஸர் சுவர்ச் சிற்பங்களில் இன்றும் காணலாம். வழியில் ஜனங்கள் தெய்வத்திடம் தங்கள் வழக்குகளைக் கேட்பதுண்டு. படகு முன்னால் சாய்ந்தால் ‘ஆம்’, பின்வாங்கினால் ‘இல்லை’. நம் நாட்டில் பூப்போட்டுப் பார்ப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆனாலும் இரண்டு விழாவும் ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். ஆமன் படகின் நடுவே திரையிட்ட சிறு மாடத்துக்குள் மறைந்திருப்பான். ஏழை எகிப்தியன் ஆயுள் முழுதும் கண்டது அந்தத் திரையைத்தான். உள்ளே நுழையும் உரிமை அரசனுக்கும் குருக்களுக்குமே உண்டு. லக்ஸரின் உள்ளறையில் அரசன் தன் தெய்வத்தன்மையைப் புதுப்பித்துக்கொண்டு வெளியே வருவான். விழாவின் முக்கிய காரியமே அதுதான். வண்டியூரில் தெய்வத்தின் முகத்தைக் கரையிலுள்ள குழந்தையும் பார்க்கிறது. நாயக்கர் தம் ஜன்ம நட்சத்திரமாகிய பூசத்தை ஒட்டி இவ்விழாவை வைத்துக்கொண்டார் என்பர். ஆனால் மிதவையில் ஏறுபவர் அவரல்ல. சித்திரையில் முடிசூடிச் செங்கோல் பெறுபவளும் மீனாக்ஷியே. எகிப்தில் அரசன் தெய்வமானான். மதுரையில் தெய்வம் அரசாயிற்று. அதனால்தானோ என்னவோ, நாயக்கர் வம்சம் போன பிறகும் தெப்பம் நிற்கவில்லை.

கதைகளில் வரும் சாட்டையடி விஷயத்திலும் ஒரு திருத்தம் வேண்டும். மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், அரச கல்லறைகளைச் செதுக்கும் தொழிலாளருக்குப் படித்தானியம் நாள் கடந்தும் வரவில்லை. அவர்கள் கருவிகளைப் போட்டுவிட்டு ஒரு கோயிலின் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசி, தாகம், துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை என்று அவர்கள் முறையிட்டதைக் கணக்கர் ஒருவர் புல்தாளில் எழுதிவைத்திருக்கிறார். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுவே என்பார்கள். தெய்வமாகிய அரசனுக்கு எதிரே கூலிக்காரன் சத்தியாக்கிரகம் செய்த தேசம் அது!

தானியம் தவறினால் தெய்வ அரசனும் ஆடிப்போவான். வெள்ளம் தவறினால் தானியம் தவறும். ஆகவே ஆற்றங்கரைக் கோயில்களில் படிக்கட்டு வைத்து முழக்கணக்கில் வெள்ளத்தை அளந்தார்கள். பன்னிரண்டு முழம் ஏறினால் பஞ்சம், பதினாறு ஏறினால் கொண்டாட்டம் என்று ரோமானிய ஆசிரியர் பிளினி கணக்குத் தருகிறார். வரி விதித்ததும் அந்த அளவைப் பார்த்துத்தான்.

வண்டியூரும் இந்தப் பாடத்தைக் கற்றது, கசப்பாகவே. வைகையிலிருந்து குளத்துக்கு நீர் கொணர்ந்தது பனையூர்க் கால்வாய். நகரம் பெருகப் பெருகக் கால்வாயில் குப்பையும் ஆக்கிரமிப்பும் சேர்ந்தன. மணல் அள்ளியதில் ஆற்றுப் படுகை தாழ்ந்து, வாய்க்காலின் தலை மேடாயிற்று. பல பத்தாண்டுகள் குளம் பெரும்பாலும் காய்ந்தே கிடந்தது. பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். மைய மண்டபத்துக்கு ஓடத்தில் போக வேண்டியவர்கள் செருப்பு மண்ணில் புதைய நடந்து போனார்கள். நீர் இல்லாத வருஷங்களில் ‘நிலைத்தெப்பம்’ நடந்தது. அதாவது, நகராத தெப்பம். மிதவையைத் தரையில் நிறுத்தி, அலங்கரித்து, தீபாராதனை காட்டினார்கள். முறையில் எந்தக் குறைவும் இல்லை. மந்திரம், மேளம், மாலை எல்லாம் இருந்தன. வடம் மட்டும் இல்லை. அந்நாட்களில் ஒரு முறை மாணவர்களை அழைத்துப் போயிருந்தேன். “ஐயா, தெப்பம் என்றால் மிதப்பது அல்லவா?” என்று ஒரு சிறுவன் கேட்டான். இலக்கணப்படி அவன் கேட்டது சரி.

பின்னர் ஆற்றில் தடுப்பணை கட்டி, கால்வாயைத் தூர் வாரி, 2019-20-ஐ ஒட்டி வைகை நீரை மறுபடியும் குளத்துக்குக் கொண்டுவந்தார்கள். பல வருஷம் கண்டிராத நீரைப் பார்க்க ஊரே கரையில் கூடியது. சாயங்காலங்களில் தின்பண்டக் கடைகளும் வந்து சேர்ந்தன. இன்று அங்கே காற்று வாங்க வருபவர்களில் பாதிப் பேர் சுண்டலுக்காகவே வருகிறார்கள் என்று சொன்னால் அவர்கள் கோபிக்கமாட்டார்கள்.

சித்திரா பௌர்ணமியில் வைகையில் இறங்கும் கள்ளழகர், அன்றிரவு வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு வந்து தங்குகிறார். துலுக்க நாச்சியாரைப் பார்க்கவே அவர் அங்கே போகிறார் என்று ஜனங்கள் சொல்வார்கள். மறுநாள் வண்டியூருக்கு அருகே தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபம் நீங்குகிறது. துர்வாசர் சாபத்தால் தவளையாகி நீரில் கிடந்தவர் அவர். விமோசனத்தின் அடையாளமாக நாரை ஒன்றைப் பறக்க விடுவது வழக்கம். எகிப்தியர் இதைப் பார்த்திருந்தால் விளக்கம் கேட்டிருக்கமாட்டார்கள். வெள்ளம் வடிந்த சேற்றில் கூட்டங்கூட்டமாகத் தோன்றும் தவளை அவர்களுக்கு மறுபிறப்பின் சின்னம். பிரசவம் காக்கும் ஹெக்கெத் தேவிக்குத் தவளைத் தலை. இறந்தவனின் உயிரை மனிதத் தலையுள்ள பறவையாகத் தீட்டினார்கள். லக்ஸர் கோயிலின் மேலேயே இப்போது அபுல் ஹஜ்ஜாஜ் என்ற முஸ்லிம் மகானின் பள்ளிவாசல் நிற்கிறது. அவருடைய ஆண்டு விழாவில் இன்றும் படகுகளைத் தெருவழியே ஊர்வலமாகக் கொண்டு போகிறார்கள். ஆமனை மறந்தவர்கள் படகை மறக்கவில்லை.

இரண்டு நதிகளுக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பூட்டுப் போட்டாயிற்று. வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டது. அஸ்வான் பேரணை 1970-ல் கட்டி முடிந்தது. அதன்பின் எகிப்து வயல்களுக்கு அந்தப் பழைய வெள்ளமும் இல்லை, வண்டலும் இல்லை. வெள்ளம் வராத நதிக்கு ஆகஸ்டு மாதத்தில் வெள்ளத் திருநாள் மட்டும் கொண்டாடுகிறார்கள். இங்கே அழகர் ஆற்றில் இறங்க வேண்டுமானால் அணையிலிருந்து தண்ணீர் திறக்க வேண்டும். அந்த அணைக்கு வரும் நீரிலும் ஒரு பங்கு, 1895-ல் பென்னிகுவிக் துரை கட்டி முடித்த பெரியாற்று அணையின் புண்ணியத்தால் மலைக்கு அப்பாலிருந்து வருவது.

தெப்பத்துக்குப் போக விரும்புகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே போவது நல்லது. அன்று கூட்டம் இராது. வடகரைப் படித்துறையில் இறங்கி, நீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் பூக்கட்டும் அம்மாளைக் கேட்டால் போன வருஷம் எத்தனை படி தெரிந்தது என்றும் சொல்வாள்.