என்னால் மறக்க முடியாத கார் பந்தய வீரர்

இந்த மாதச் சுவர் இதழுக்கு "என்னால் மறக்க முடியாதவர்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். காந்தி, காமராசர், அப்துல் கலாம் பற்றி நிறையப் பேர் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு கார் பந்தய வீரரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் கே.இ.குமார். சென்னைக்காரர். அவரை நான் நேரில் பார்த்ததே கிடையாது. ஆனாலும் மறக்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நம்ம பக்கத்து டிராக்

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் கதை நிறையப் பேருக்குத் தெரியாது. முன்பெல்லாம் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடக்குமாம். அதன் பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற சங்கம் இங்கே டிராக் அமைத்தது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். நாராயண் கார்த்திகேயன் எல்லாம் ஓட்டின டிராக் இது. அவர் 2005-ல் பார்முலா 1 பந்தயத்துக்குப் போன முதல் இந்தியர்.

பந்தயக் கார் என்றால் மூக்கு நீண்ட, கூரை இல்லாத கார்தான் நமக்கு ஞாபகம் வரும். இன்னொரு வகையும் உண்டு. ரோட்டில் ஓடுகிற கார் மாதிரியே இருக்கும். கதவு, கூரை எல்லாம் இருக்கும். உள்ளே டிரைவர் சீட் மட்டும் வைத்து, மற்ற சீட்டுகளைக் கழற்றிவிட்டு, இரும்புக் குழாயால் ஒரு கூண்டு கட்டி இருப்பார்கள். கார் உருண்டாலும் கூரை நசுங்காமல் இருக்கத்தான் அந்தக் கூண்டு. நம் ஊரில் இதை சலூன் கார் பந்தயம் என்கிறார்கள். அமெரிக்காவில் இதே மாதிரி கூரை உள்ள கார்களை வைத்து ஸ்டாக் கார் பந்தயம் நடக்கிறது. குமார் சார் ஓட்டியது சலூன் கார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2023 ஜனவரி 8. பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் வீட்டுக்கு டிராக் சத்தம் நன்றாகக் கேட்கும். பந்தய நாளில் அம்மா, "காலையிலேயே ஆரம்பிச்சிட்டானுங்க" என்று சொல்லிக்கொண்டே கோலம் போடுவார்கள். ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் நடுவில் சத்தம் நிற்பது வழக்கம்தான். அன்றைக்கு நின்றது திரும்பக் கேட்கவே இல்லை.

மறுநாள் அப்பா டீக்கடையில் இருந்து பேப்பர் வாங்கி வந்து படித்துக் காட்டினார். தேசிய கார் பந்தயத்தில் குமார் சாரின் கார் இன்னொரு காரோடு மோதி, டிராக்கை விட்டு வெளியே போய், ஓரத்து வேலியில் இடித்துத் தலைகீழாக விழுந்துவிட்டது. உடனே சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். சில நிமிஷத்திலேயே அவரை வெளியே எடுத்து, டிராக்கில் இருந்த மருத்துவர்கள் பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஆனால் உயிர் போய்விட்டது. அவருக்கு மரியாதை செலுத்த அன்றைய மீதிப் பந்தயங்களை எல்லாம் ரத்து செய்துவிட்டார்கள். அதனால்தான் எங்கள் வீட்டுக்குச் சத்தம் வரவில்லை.

அவருக்கு வயது 59 என்று அப்பா படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் தாத்தா வயசுக்குக் கொஞ்சம்தான் குறைவு. "இந்த வயசுல எதுக்குப்பா கார் ரேஸு?" என்று கேட்டேன். அப்பா, "புடிச்சிருந்தது, ஓட்டினாரு. உன் தாத்தா இன்னும் ஏர் ஓட்டலாமான்னு கேக்குறாரே, அந்த மாதிரிதான்" என்றார்.

அதே வருஷம் ஆகஸ்ட் 5-ம் தேதி, அதே டிராக்கில் பைக் பந்தயத்தில் பெங்களூர்ப் பையன் ஒருவன் விழுந்து இறந்துபோனான். அவனுக்கு வயது 13. எனக்கு அப்போ 12. என்னை விட ஒரே ஒரு வயசுதான் பெரியவன். அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கார் நின்றாலும் தலை நிற்காது

பாதுகாப்பு எல்லாம் இருந்தும் எப்படி உயிர் போகிறது என்று எனக்குப் பெரிய சந்தேகம். நம் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். டீச்சர் நிலைமம் பற்றிச் சொன்னார்கள். பஸ் பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? வேகமாக வந்த கார் சுவரில் மோதி நின்றுவிடும். உடம்பை பெல்ட் பிடித்துக்கொள்ளும். தலையை எதுவும் பிடிக்காது. அது அதே வேகத்தில் முன்னால் போகப் பார்க்கும். ஹெல்மெட் எடையும் சேர்ந்து இழுக்கும். அந்த இழுப்பில் மண்டை ஓட்டின் அடிப்பகுதி உடைந்துவிடும்.

இதற்கு உதாரணமாக டேல் எர்ன்ஹார்ட் என்ற அமெரிக்க வீரரைப் பற்றி டீச்சர் சொன்னார்கள். நாஸ்கார் என்ற ஸ்டாக் கார் பந்தயத்தில் 7 முறை சாம்பியன். 2001 பிப்ரவரி 18-ல் டேடோனா என்ற ஊரில் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி இறந்தார். பார்த்தவர்களுக்கு அது பெரிய விபத்தாகவே தெரியவில்லையாம். அவர் இறந்ததும் மண்டை ஓட்டின் அடிப்பகுதி உடைந்துதான். அதற்கு முந்தின வருஷமும் நாஸ்கார் வீரர்கள் மூன்று பேர் தலையிலும் கழுத்திலும் அடிபட்டு இறந்திருந்தார்கள்.

இதைத் தடுக்க ஒரு கருவி அப்போதே இருந்தது. பெயர் ஹான்ஸ். தோளில் மாட்டுகிற கெட்டியான பட்டை. அதில் இருந்து இரண்டு வார் ஹெல்மெட்டோடு சேர்ந்திருக்கும். தலை முன்னால் பாயாமல் பிடித்துக்கொள்ளும். ராபர்ட் ஹப்பார்ட் என்ற பேராசிரியரும், அவர் உறவினரான ஜிம் டவுனிங் என்ற பந்தய வீரரும் சேர்ந்து 1980-களில் செய்தது. எர்ன்ஹார்ட் உட்படப் பல வீரர்கள் தொந்தரவாக இருக்கிறது என்று அதை மாட்டவில்லை. அவர் இறந்த அதே 2001-ல், அக்டோபரில், நாஸ்கார் அதுபோன்ற கருவியைக் கட்டாயம் ஆக்கியது. சுவர்களிலும் அதிர்ச்சி தாங்குகிற தடுப்பு வைத்தார்கள். அதற்குப் பிறகு நாஸ்காரின் முதல்நிலைப் பந்தயம் எதிலும் ஒரு வீரர்கூட இறக்கவில்லை.

அதாவது, ஒருத்தர் போனால் அதில் இருந்து ஒரு பாடம் எடுத்து, அடுத்தவரைக் காப்பாற்றி இருக்கிறார்கள்.

அண்ணன் கேட்ட கேள்வி

இதை எல்லாம் நான் தெரிந்துகொண்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் அண்ணன் சிப்காட் கம்பெனியில் வேலை பார்க்கிறான். சம்பளத்தில் பைக் வாங்கினான். நைட் ஷிப்ட் முடிந்ததும் அவனும் அவன் கூட்டாளிகளும் பெங்களூர் ரோட்டில் யார் முதலில் போகிறார்கள் என்று விரட்டுவார்கள். ஹெல்மெட் டேங்க் மேலே உட்கார்ந்திருக்கும். போலீஸைப் பார்த்தால்தான் தலைக்குப் போகும். அவன் வரும்வரை அம்மா வாசலிலேயே நிற்பார்கள்.

ஒருநாள் அம்மா திட்டியபோது அண்ணன், "டிராக்ல ஓட்டுனா வீரர்னு சொல்றீங்க, நான் ஓட்டுனா மட்டும் தப்பா?" என்று கேட்டான். அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் சொன்னேன்.

"அண்ணா, டிராக்ல எல்லா வண்டியும் ஒரே பக்கம்தான் போகும். எதிர்ல லாரி வராது. மாடு குறுக்க வராது. ஸ்கூல் விட்டு நாங்க ரோடு தாண்ட மாட்டோம். ஒவ்வொரு வளைவுலயும் கொடி வெச்சிக்கினு ஆள் நிக்கிறாங்க. ஆம்புலன்சும் டாக்டரும் அங்கேயே இருக்காங்க. கூண்டு, பெல்ட்டு, ஹெல்மெட்டு எல்லாம் இருக்கு. இவ்ளோ இருந்தும் குமார் சார் போயிட்டாரு. உனக்கு அங்க இன்னா இருக்கு?"

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படின்னா ரேஸே கூடாதுன்றியா பாப்பா?" என்றான்.

அதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. நிறைய யோசித்தேன். கூடாது என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. குமார் சார் தனக்குப் பிடித்த ஒன்றை, முறையான இடத்தில், விதிப்படி செய்தார். ஆபத்து தெரிந்துதான் காரில் ஏறினார். ரோட்டில் விரட்டும்போது ஆபத்தைத் தானாக ஏற்றுக்கொண்டவன் அண்ணன் மட்டும்தான். எதிரில் சைக்கிளில் வருகிற தாத்தா ஏற்றுக்கொள்ளவில்லை. வாசலில் நிற்கிற அம்மாவும் ஏற்றுக்கொள்ளவில்லை. இதைத்தான் அண்ணனிடம் சொன்னேன்.

அண்ணன் முழுசாக மாறிவிட்டான் என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போது ஹெல்மெட் தலையில் இருக்கிறது. வேகம் குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. சென்ற வாரம் என்னைப் பூந்தமல்லிக்குக் கூட்டிப்போகக் கூப்பிட்டான். "பின்னாடி உக்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் வேணும்னு சட்டம் இருக்கு. எனக்கும் ஒண்ணு வாங்கு, அப்பத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டு நான் பஸ்ஸில் போனேன். இன்னும் வாங்கவில்லை. வாங்குகிறவரை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

தோழர்களே, தோழிகளே! நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் பைக் இருக்கிறது. சில அண்ணன்மார்கள் நம் பள்ளிக்கூடம் வழியாகவே பறக்கிறார்கள். பத்தாம் வகுப்பு அண்ணன்கள் சிலர் லைசென்ஸ் இல்லாமலே ஓட்டுகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். பெரியவர்கள் சொன்னால் கேட்காதவர்கள், தங்கச்சியோ தம்பியோ கேட்டால் ஒரு நிமிஷமாவது நிற்பார்கள். நீங்களும் வீட்டில் கேளுங்கள்.

கே.இ.குமார் சாருக்கு என் வணக்கம்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி