தம்பியின் பூட்ஸ்

நான் கட்டிய காரை ஓட்டிப் பார்த்த தம்பி, வளைவில் வேகத்தைக் குறைக்க முடியாமல் வைக்கோல் கட்டுகளில் போய் மோதினான். "உன் பூட்ஸ் அகலம், அதனால்தான்" என்றேன். அவன் மன்னிப்புக் கேட்டான். பெரிய மனசு பண்ணுகிறவன்போல நானும் ஏற்றுக்கொண்டேன். நான் சொன்னது பொய். உண்மைக் காரணம் அந்த நிமிடமே எனக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் கிட் கார், அதாவது பாகங்களைச் சேர்த்துத் தாமே கட்டிக்கொள்ளும் கார், கட்டுகிறவர்களில் பலர் வந்து சேர்வது லோட்டஸ் செவனின் சாயலில்தான். காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த வண்டி அது. 1973-இல் கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ரான் சாம்பியன் 1996-இல் புத்தகம் எழுதிய பிறகு, வீட்டுக் கொட்டகையில் இரும்புக் குழாய்களை வெட்டி வெல்டிங் செய்கிறவர்கள் பெருகினார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

இந்த வண்டியில் கால் வைக்கும் இடம் மிகக் குறுகல். அதனால் அரை அங்குலத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். முறை எனக்குத் தெரியாததல்ல. முதலில் சீட்டைப் பொருத்தி, ஓட்டும்போது போடும் ஷூவோடு உட்கார வேண்டும். கிளட்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். தோள் சீட்டை விட்டு எழாமல், நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். பெடல்களை வெல்டிங் செய்வது இதற்கெல்லாம் பிறகுதான்.

நானோ வெறும் சேஸிஸில் போர்வையை மடித்துப் போட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்து அளவெடுத்தேன். அதோடு ஓர் ஆசை வேறு. பந்தய ஓட்டுநர்களைப் போல, பிரேக்கை மிதித்தபடியே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டி கியரை இறக்க வேண்டும். அதற்காக இரண்டு பெடலையும் நெருக்கி, ஒரே உயரத்தில் வைத்தேன். பிரேக் பெடல் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். மிதித்தால் அது கீழே இறங்குமல்லவா? ஒரே உயரத்தில் இருந்தால், பிரேக் இறங்க இறங்க ஷூவின் ஓரம் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து அழுத்தும். செவன் வகை வண்டியில் பிரேக்குக்கு சர்வோ உதவி பெரும்பாலும் கிடையாது, பலமாகத்தான் மிதிக்க வேண்டும். என் வண்டியில் பலமாக மிதித்தால் இன்ஜினும் உறுமியது.

சீட் வந்து முதல்முறை ஓட்டியபோதே இதைக் கண்டுகொண்டேன். பெயின்ட் அடித்து முடித்த சேஸிஸை மறுபடி வெட்ட மனம் வரவில்லை. மெல்லிய அடியுள்ள ஷூ வாங்கினேன். காலை இடப்பக்கம் ஒதுக்கி மிதிக்கப் பழகினேன். பார்க்க வந்தவர்களிடம் அந்தப் பெடல் அமைப்பைப் பெருமையாகக் காட்டவும் செய்தேன்.

அரசு ஒப்புதல் சோதனைக்கு முன்பு, பழைய விமான ஓடுதளம் ஒன்றில் தம்பியிடம் சாவியைக் கொடுத்தேன். வேலைக்குப் போடும் கனத்த பூட்ஸோடு ஏறினான். பார்த்தேன். சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் நான் கட்டியது கோணல் என்று தெரிந்துவிடுமே என்று விழுங்கிவிட்டேன். அவன் மணிக்கட்டு சுளுக்கியதோடு போயிற்று. அங்கே சுவர் இருந்திருந்தால் என்று நினைக்கும்போது இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

பெடலைத் தவறாக வைத்ததற்காக என்னை மன்னித்துக்கொள்வேன். அடிபட்டவனையே மன்னிப்புக் கேட்க வைத்ததற்காக மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

பிறகு பெடல் தாங்கியை வெட்டியெடுத்து, பிரேக்கை உயர்த்தி, இடைவெளியை அகலமாக்கினேன். அளவுக்கு வைத்தது அவன் பூட்ஸைத்தான். எதற்கு என்று அவன் கேட்டபோது மழுப்பினேன். இது அச்சாகி வருவதற்குள் அவனிடம் நேரில் சொல்லிவிடுகிறேன். வண்டி கட்டுகிற நண்பர்களே, சாவியை இன்னொருவர் கையில் கொடுக்குமுன் உங்களுக்குத் தெரிந்த குறையை அவரிடம் சொல்லிவிடுங்கள்.