பழைய வழங்கியும் ஒரு பாடபேதமும்

சென்னை அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட வழங்கிக் கணினி எங்கள் தமிழ்த்துறைக்கு வந்து சேர்ந்தது. திருத்தணியைச் சுற்றியுள்ள ஊர்களில் மாணவர்கள் திரட்டிய தாலாட்டுகளையும் காவடிப் பாடல்களையும் ஓரிடத்தில் வைக்க எண்ணியிருந்தோம். உரிமக் கட்டணம் செலுத்த வகையில்லாத துறைக்கு லினக்ஸே கதி. டெபியனை நிறுவினோம்.

சில வாரங்களில் கணினி உறையத் தொடங்கியது. ஒருமுறை ஐந்து நாள் தாங்கும்; மறுமுறை அரைமணியில் நின்றுவிடும். இலவச மென்பொருள் இப்படித்தான் என்றார் ஒரு நண்பர். மற்றவர்கள் வெயிலைக் காட்டினார்கள். கோடையில் 40 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும் ஊர் இது. பழி சுமக்க வெயிலைவிடத் தோதான ஆள் ஏது? விசிறிகளில் தூசி தட்டினோம், மின்வழங்கியை மாற்றினோம். பயனில்லை.

பிறகு மெம்டெஸ்ட்86+ என்னும் சோதனையை இரவு முழுக்க ஓடவிட்டோம். இயங்குதளம் எதுவுமின்றித் தானே துவங்கி, நினைவகத்தில் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடுவது அது. ஆகவே லினக்ஸுக்கு அது நடுநிலையான சாட்சி. விடியற்காலையில் திரையில் சிவப்பு வரிகள். எழுதியதற்கும் படித்ததற்கும் ஒரே ஒரு பிட் வேறுபாடு. வழங்கிகளில் இத்தகைய ஒற்றைப் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஈ.சி.சி. நினைவகம் இருப்பது வழக்கம். எங்களுடையதில் யாரோ சாதாரணத் தகடுகளைச் செருகியிருந்தார்கள்.

கூகிளின் கணினிகளை இரண்டரை ஆண்டு கவனித்து 2009இல் வெளிவந்த ஆய்வொன்று, ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நினைவகத் தகடுகளில் பிழை தோன்றுவதைக் கண்டது. வெப்பத்தின் பங்கு சிறிதே. வயது ஏறப் பிழையும் ஏறுகிறது என்றது. (அவர்களுடைய கூடமும் எங்கள் ஓட்டுக் கூரையும் ஒன்றல்ல என்பது வேறு.)

உறைவதுகூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. குறுந்தகட்டிலிருந்து படியெடுத்த கோப்புகளை ஒப்பிட்டபோதுதான் மெய்யாகவே அஞ்சினோம். ஒரு காவடிப் பாடலில் ஒரே பைட் மாறியிருந்தது: 'வேல்' என்பது 'வேள்' ஆகியிருந்தது.

ஒருங்குறியில் லகரத்தின் எண் 2994, ளகரத்தின் எண் 2995. ரகரமும் றகரமும் 2992, 2993. நகரமும் னகரமும் 2984, 2985. ஒவ்வோர் இணையும் கடைசி பிட்டில் மட்டுமே வேறுபடுகிறது. நம் பிள்ளைகள் பள்ளியில் தடுமாறும் அதே இணைகளில்தான் பழுதான நினைவகமும் தடுமாறுகிறது! எழுத்துப்பிழை திருத்தியால் இதைப் பிடிக்க இயலாது. இரண்டுமே நல்ல தமிழ்ச்சொற்கள். முருகனுக்கு வேள் என்றே பெயருண்டு. பின்னாளில் ஓர் ஆய்வாளர் இதைக் கண்டு, சங்கச்சொல் நாட்டார் நாவில் வாழ்கிறது என்று கட்டுரையே எழுதியிருக்கலாம். அல்லது வீட்டில் தெலுங்கு பேசும் மாணவி தட்டச்சு செய்தது என்று பழி அவள்மேல் விழுந்திருக்கும்.

தகடுகளை எடுத்துவிட்டு ஈ.சி.சி. நினைவகம் பொருத்தினோம். அதன்பின் கணினி நிற்கவில்லை. கோப்பு ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்புத் தொகை கணித்துத் தனியே வைக்கிறோம். ஆனால் அந்த வாரங்களில் நேரடியாக வழங்கியில் தட்டச்சு செய்த பாடல்களுக்குக் குறுந்தகட்டுப் படி கிடையாது. மாணவர்களின் குறிப்பேடுகளோடு எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கி வருகிறோம். ஒரு குறிப்பேடு மழையில் நனைந்து மை கலைந்துவிட்டது. அதிலுள்ள தாலாட்டுகளைப் பாடிய பாட்டி இப்போது இல்லை.